இன்-இயர் இரைச்சலை அடக்கியது எப்படி

மேசை ஆம்ப்பில் (ஹெட்ஃபோனுக்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி) இன்-இயரை, அதாவது காதுக்குள் வைக்கும் இயர்ஃபோனைச் செருகினால் பாட்டு தொடங்கும் முன்பே 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல், குமிழைக் கொஞ்சம் திருப்பினால் இடது காதில் மட்டும் சத்தம், இன்னும் ஒரு நூல் திருப்பினால் காதைப் பிளக்கும். ஆம்ப்பில் பழுதில்லை, 300 ஓம் ஹெட்ஃபோனில் அமைதியாகத்தான் பாடியது. என் இன்-இயரோ 16 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கே 110 டெசிபல் கத்தும், அதற்கு இவ்வளவு பவர் எதற்கு?

ஆம்ப்பின் கெயினை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு) லோவுக்குத் தள்ளினேன், இரைச்சல் பெருமளவு அடங்கியது. அப்புறம் கணினியில் வால்யூமைக் குறைத்து ஆம்ப் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு காதும் சமமாகிவிட்டது (கணினியின் ஒலி வெளியீட்டை 24 பிட்டில் வைத்திருந்தால், வால்யூமைக் குறைப்பதால் தரம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்).

ஆனாலும் குரல்கள் ஏனோ மெலிந்தே கேட்டன. ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டில் அதற்கே உள்ள மின்தடை) 10 ஓம் என்று கையேட்டில் இருந்தது. இன்-இயரின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்கு, எனக்கு 2 ஓம், அதைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (ஒலி எழுப்பும் ஒரு வகைச் சின்ன டிரைவர்) வைத்த இன்-இயர்களில் தாண்டினால் ஒலியின் சாயலே மாறும். 1 ஓமுக்கும் குறைவான ஒரு சின்ன யுஎஸ்பி டாங்கிளுக்கு மாறினேன், சரியாகிவிட்டது. பேஸ் குறைவுக்கு மட்டும் ஆம்ப்பைத் திட்டிப் பயனில்லை, ஒரு அளவு பெரிய ரப்பர் முனை மாட்டியதும் வந்துவிட்டது.