குழந்தையின் கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது: ஒரு தையல்காரி அம்மாவின் நோட்டிலிருந்து

என் மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது இரண்டு நாள் விடாமல் வாந்தி, பேதி. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் என் கண் நேராகக் கிரியேட்டினின் வரிக்குத்தான் போனது. 0.8 என்றிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் இயல்பளவு 0.6 முதல் 1.2 வரை என்று அச்சிட்டிருந்தார்கள். தடித்த எழுத்தும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான் வேலை செய்கிறது. இன்னொன்று கருவிலேயே சரியாக உருவாகவில்லை. அந்த ஒரு வரியை நினைத்துத்தான் இரவெல்லாம் தூங்காமல் இருந்தேன்.

டாக்டர் அதே தாளைப் பார்த்தார். "போன தடவை எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார். ஆறு மாதத்துக்கு முன்பு 0.38. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. உடனே அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். நீர்ச்சத்து வற்றியதால் சிறுநீரகம் திடீரென்று தளர்ந்திருக்கிறது, கிரியேட்டினின் இரண்டு மடங்காகிவிட்டது என்று பிறகு விளக்கினார். பத்து நாள் கழித்து எடுத்தபோது 0.41க்கு இறங்கியிருந்தது.

நான் தையல்காரி. ஒருவருடைய அளவை வைத்து இன்னொருவருக்குத் துணி வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தாளில் நடந்தது அதுதான். அச்சிட்டிருந்தது பெரியவர்களின் அளவு. என் மகளோ 100 செ.மீ. உயரம்கூடத் தாண்டாத குழந்தை. அன்றிலிருந்து ஏழு வருடமாக அவளுடைய ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றவோ நிறுத்தவோ இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆனால் தாளில் இருப்பது புரிந்தால் டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கிரியேட்டினின்

தசை இயங்கும்போது உண்டாகும் கழிவு இது. சிறுநீரகம் இதை ரத்தத்திலிருந்து பிரித்துச் சிறுநீரில் அனுப்புகிறது. தசை அதிகமானால் கிரியேட்டினினும் அதிகம் உண்டாகும். குழந்தைக்குத் தசை குறைவு, அதனால் இயல்பான அளவே குறைவாக இருக்கும். ஒன்றிரண்டு வயதில் ஏறக்குறைய 0.2 முதல் 0.4, பள்ளி வயதில் 0.3 முதல் 0.7, பதின்பருவத்தில் 0.5 முதல் 1.0 வரை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கு, அதாவது 100 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். உங்கள் தாளில் குழந்தையின் வயதுக்கான அளவு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் லேபிலேயே கேளுங்கள்.

இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு 0.3 வந்தால், பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டுக் கம்ப்யூட்டர் "குறைவு" என்று குறி போட்டுவிடும். அந்தக் குறியைப் பார்த்துப் பதறிய பெற்றோர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயதுக்கு அது நல்ல எண்.

தாளில் மைக்ரோமோல்/லிட்டர் என்று இருந்தால் 88.4ஆல் வகுத்தால் மி.கி./டெ.லி. கிடைத்துவிடும். 35 என்றிருந்தால் ஏறக்குறைய 0.4.

உயரத்தையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும்

சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தநீரை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடுதான் ஈஜிஎஃப்ஆர். குழந்தைகளுக்கு இதைக் கணக்கிட 2009இல் வந்த எளிய ஷ்வார்ட்ஸ் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. உயரத்தை செ.மீ.யில் எடுத்து 0.413ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

100 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்குக் கிரியேட்டினின் 0.4 என்றால் 103 வரும். அதே குழந்தைக்கு மாதக்கணக்கில் 0.8ஆகவே நின்றிருந்தால் 52தான். பெரியவர்களின் கட்டத்துக்குள் "நார்மல்" என்று நிற்கும் அதே 0.8, இந்தக் குழந்தைக்குப் பாதி வேலைதான் நடக்கிறது என்று சொல்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் நானே போட்டுப் பார்த்தபோது கை நடுங்கியது.

குழந்தை வளர வளரக் கிரியேட்டினின் மெல்ல ஏறும். என் மகளுக்கு ஆறு வயதில் உயரம் 112, கிரியேட்டினின் 0.42. கணக்கு 110. பதினொரு வயதில் உயரம் 140, கிரியேட்டினின் 0.55. கணக்கு 105. கிரியேட்டினினை மட்டும் பார்த்தால் ஏறிக்கொண்டே போகிறதே என்று தோன்றும். உயரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. உடம்போடு சேர்ந்து தசையும் வளர்ந்திருக்கிறது.

அதனால் உயரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். போன வருடம் அளந்ததையும் சொல்லாதீர்கள். ரத்தம் எடுக்கும் அதே வாரத்தில், செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் ஒரு அட்டையைச் சமமாக வைத்து அளந்து எழுதுங்கள். தொளதொளத்த பழைய டேப் வேண்டாம், இழுத்து இழுத்து நீண்டிருக்கும்.

விடைக்குப் பக்கத்தில் 1.73 சதுர மீட்டர் என்று ஒரு எண் இருக்கும். ஒரு பெரிய ஆளின் உடல் பரப்பளவுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்கிறார்கள் என்று பொருள். சின்ன உடம்பையும் பெரிய உடம்பையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் 90ம் அதற்கு மேலும் இயல்பு. 60 முதல் 89 வரை லேசான குறைவு. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். எண் 90க்கு மேல் இருந்தாலும் சிறுநீரில் புரதம் தொடர்ந்து போனாலோ, ஸ்கேனில் கோளாறு தெரிந்தாலோ அதையும் நோயாகவே கணக்கில் எடுப்பார்கள்.

இந்தக் கணக்கு பொருந்தாத இடங்களும் உண்டு. கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறியோ இறங்கியோ கொண்டிருந்தால் ஈஜிஎஃப்ஆரை நம்பக் கூடாது. என் மகள் அட்மிட் ஆன அன்று டாக்டருக்கு வழிகாட்டியது அவளுடைய பழைய எண்தான். ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஏறினாலோ, 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு.

பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் தெரிவது பெரும்பாலும் தாயின் கிரியேட்டினின். அது பல நாட்களில், சில குழந்தைகளுக்கு வாரங்களில், இறங்கும். வடிகட்டும் திறனும் பிறக்கும்போது குறைவாக இருந்து, இரண்டு வயது வாக்கில்தான் பெரியவர்களின் அளவை எட்டும். கைக்குழந்தையின் ஈஜிஎஃப்ஆர் 50 என்று பார்த்ததும் அழுதுவிடாதீர்கள். எத்தனை வாரக் குழந்தை என்பதை வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

நெடுநாள் படுக்கையில் இருந்த குழந்தை, தசை நோயுள்ள குழந்தை, மிகவும் மெலிந்த குழந்தை: இவர்களுக்குக் கிரியேட்டினின் குறைவாகவே உண்டாவதால் சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் பொய்த்தோற்றம் வரும். அங்கே சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை உதவும், அதற்கும் தசைக்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை. ஆனால் ஸ்டீராய்டு சாப்பிட்டாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் அந்த எண் மாறும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, எண்ணை இரண்டு தசம இடத்துக்குக் கேட்டு வாங்குங்கள். 110 செ.மீ. குழந்தைக்கு 0.4 என்றால் 114, 0.5 என்றால் 91. ஒரே ஒரு இலக்கம் தள்ளி எழுதியதற்கு இவ்வளவு வித்தியாசம்! லேபையும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கிரியேட்டினினை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. குழந்தைகளின் சின்ன எண்களுக்கு என்சைம் முறை நம்பகமானது.

யூரியாவும் மற்ற வரிகளும்

யூரியா, புரதம் உடைந்து உண்டாகும் கழிவு. அதைத் தனியாகப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தாலே ஏறும், ஸ்டீராய்டு எடுத்தாலும் ஏறும். தாளில் "யூரியா" என்றிருக்கிறதா, "பியுஎன்" (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்றிருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். மி.கி. கணக்கில் பியுஎன்னை 2.14ஆல் பெருக்கினால்தான் யூரியா. போன தடவை ஒரு லேபில் பியுஎன் 12, இந்தத் தடவை வேறு லேபில் யூரியா 26 என்றால் எதுவும் கூடவில்லை, இரண்டும் ஒன்றுதான்.

பொட்டாசியத்தை மட்டும் லேசாக விடாதீர்கள், அது மிகவும் ஏறினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும். அதே சமயம், பொய்யாக ஏறிக் காட்டுவதும் இதுதான். ஒருமுறை என் மகளுக்கு நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி, பிழிந்து எடுத்தார்கள். 6.1 என்று வந்தது. ரத்த அணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். தாளின் அடியில் "ஹீமோலைஸ்டு" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. உடனே மறுபடி எடுத்ததில் 4.4. இதனால் "இதுவும் பொய்யாகத்தான் இருக்கும்" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அன்றே, அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பாஸ்பரஸும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் வளரும் குழந்தைக்குப் பெரியவர்களைவிட அதிகமாகத்தான் இருக்கும், எலும்பு வளர்கிறதல்லவா. ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் தொடர்ந்து குறைவாக இருந்தால் கேளுங்கள். ரத்தத்தில் அமிலம் தங்கினால் குழந்தையின் வளர்ச்சி தடைபடும்.

சிறுநீர்ப் பரிசோதனை

எனக்கு ரத்த ரிப்போர்ட்டைவிட முக்கியம் இதுதான். கிரியேட்டினின் அசையாமல் இருக்கும் காலத்திலேயே சிறுநீரகம் சிரமப்படுவதைப் புரதம் காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடியுங்கள். சில பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பதின்பருவத்தில், நடமாடும்போது மட்டும் புரதம் போகும், படுத்து எழுந்தால் இருக்காது. அது நோயில்லை. மத்தியானம் பிடித்த மாதிரியை வைத்து வீணாகக் கலங்க வேண்டாம். காய்ச்சலிலும், ஓடி ஆடிய பிறகும்கூடக் கொஞ்சம் புரதம் தெரியும். காய்ச்சல் விட்டபின் மறுபடி பார்ப்பார்கள்.

சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் "ட்ரேஸ்", "1+" என்று வருவது சிறுநீரின் அடர்த்தியைப் பொறுத்து ஏமாற்றும். புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கேளுங்கள். இரண்டு வயதுக்கு மேல் 0.2க்குள் இருந்தால் இயல்பு, ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 0.5க்குள். 2ஐத் தொட்டால் நெஃப்ரோடிக் அளவு, அதாவது புரதம் மிக அதிகமாக ஒழுகுகிறது, டாக்டரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். மி.கி./கிராம் என்று இருந்தால் 0.2 என்பது 200 என்று வரும்.

கைக்குழந்தைக்குப் பை ஒட்டிப் பிடித்த சிறுநீரில் சீழ் அணுக்களும் கிருமியும் வந்தால், அவை தோலிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துக் கிருமித்தொற்று என்று முடிவு கட்டாமல், சுத்தமான மாதிரி வேண்டுமா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும்: ரத்த அழுத்தம். ஒரே சிறுநீரகமுள்ள பிள்ளைக்கு அதை ஒவ்வொரு தடவையும் அளக்கச் சொல்லுங்கள். கைக்கேற்ற சின்னப் பட்டை இல்லாமல் பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும். இதிலும் அளவுதான்!

எப்போது காத்திருக்கக் கூடாது

எண் எதுவாக இருந்தாலும், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, முகமோ காலோ வீங்குகிறது, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகிறது, மூச்சு வாங்குகிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் அப்போதே கிளம்புங்கள். வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கும்போது காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபன் கொடுக்காதீர்கள், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது இன்னும் குறைக்கும். காய்ச்சலுக்கு எதைக் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. தேதி, வயது, உயரம், எடை, கிரியேட்டினின், நான் போட்ட கணக்கு, பொட்டாசியம், சிறுநீர்ப் புரத விகிதம், ரத்த அழுத்தம், எந்த லேப். கடைசிக் கட்டத்தில் அந்த வாரம் காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து சாப்பிட்டாள் என்று குறிக்கிறேன். டிரைமெத்தோபிரிம் என்ற கிருமிக்கொல்லி மாதிரி சில மருந்துகள் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாமலே கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும். டாக்டர் முன் உட்கார்ந்ததும் "நார்மலா?" என்று நான் கேட்பதில்லை. நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி, "போன தடவையிலிருந்து என்ன மாறியிருக்கிறது, அடுத்து எப்போது எடுக்க வேண்டும்?" என்று கேட்கிறேன்.