கடலடி எரிமலைத் தரவு: நேர்கோடு போட்டுக் கழிக்கும் முன்

போன மாதம் ஒரு மாணவர் எனக்கு ஒரு வரைபடம் அனுப்பினார். ஆக்சியல் எரிமலையின் அழுத்தத் தரவு. அமெரிக்காவின் ஆரிகன் கரையிலிருந்து மேற்கே சுமார் 480 கி.மீ. தள்ளி, கிட்டத்தட்ட 1500 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மலை அது. கடலடியில் கேபிள் போட்டுக் கருவிகளை இணைத்திருக்கிறார்கள். தரவு உடனுக்குடன் கரைக்கு வருகிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவர் அனுப்பிய கோடு கிடையாக, சலனமே இல்லாமல் ஓடியது. கீழே, "மலை அமைதியாக இருக்கிறது சார்" என்று எழுதியிருந்தார்.

மலை அமைதியாக இல்லை. அதன் மெதுவான அசைவை, நேர்கோடு பொருத்தி, அவரே கழித்து எறிந்திருந்தார். பதினோரு வருடத்துக்கு முன் நான் செய்தது அச்சு அசலாக இதுதான். இந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று பேர் இதே வரைபடத்தோடு என்னிடம் வந்துவிட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அலகைக் குழப்புவது, உள்ளூர் நேரத்தையும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தையும் கலப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டு நாளில் தாமாகப் பிடிபட்டுவிடும். பிடிபடாமல் மாதக்கணக்கில் கூடவே வருகிறவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திமிங்கிலத்தை நடுக்கமாக எண்ணுவது

ஆக்சியல் கடைசியாக வெடித்தது 2015 ஏப்ரல் 24-இல். அதற்கு முந்தைய மாதங்களில் சில நாட்களில் நிலநடுக்க எண்ணிக்கை 2000-ஐத் தொட்டது. வெடித்த அன்று சுமார் 8000. இத்தனையை ஆள் உட்கார்ந்து எண்ண முடியாது, நிரல்தான் எண்ணும். நிரலுக்குத் துடுப்புத் திமிங்கிலத்தைத் தெரியாது. அந்தத் திமிங்கிலம் 20 ஹெர்ட்ஸை ஒட்டி, ஏறக்குறைய ஒரு வினாடி நீளத்துக்குக் குரல் கொடுக்கும். கடலடி நில அதிர்வுமானி அதையும் ஒரு குட்டி நடுக்கமாகப் பதிந்துகொள்ளும். திமிங்கிலங்கள் பாடும் பருவம் வந்ததும் எண்ணிக்கை ஏறும். "மலை விழித்துவிட்டது" என்று யாராவது ஒருவர் எழுதிவிடுவார்.

எண்ணிக்கையை நம்புவதற்கு முன் அலைவடிவத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். நடுக்கமென்றால் முதலில் வேகமாக வரும் பி அலை, கொஞ்சம் பொறுத்து மெதுவாக வரும் எஸ் அலை. ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. திமிங்கிலக் குரல் அப்படியே திரும்பத் திரும்ப, ஒழுங்கான இடைவெளியில், மணிக்கணக்கில் வரும். அலைவரிசைப் படத்தில் வரிசையாகத் தையல் போட்டதுபோல் இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அதற்காக நீர் வழியே வருகிற சத்தத்தையெல்லாம் வடிகட்டிவிடவும் வேண்டாம். 2015-இல் அப்படி வந்த வெடிச்சத்தங்கள் மட்டும் சுமார் 30,000. அவை எங்கிருந்து வந்தன என்று கணக்கிட்டதில் மலையின் வடக்குப் பிளவைக் காட்டின. கப்பல் போய்ப் பார்த்தபோது அங்கே புது லாவா கிடந்தது, சில இடங்களில் 127 மீட்டர் தடிமனுக்கு.

அச்சைத் திருப்பாமல் வரைவது

அழுத்தம் குறைந்தால் தரை ஏறுகிறது என்று பொருள். அதனால் அழுத்த அச்சைத் தலைகீழாகப் போட்டு வரையுங்கள்.

டிரிஃப்டையும் மலையையும் பிரிக்காமல் விடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

கடலடியில் வைக்கும் அழுத்தப் பதிவிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டிருக்கும். மேலே நிற்கும் நீரின் எடை மாறினால் அதிர்வெண் மாறும். தரை ஒரு மீட்டர் உயர்ந்தால், மேலே இருக்கும் நீர் ஒரு மீட்டர் குறையும், அழுத்தம் சுமார் ஒரு டெசிபார் (வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு) இறங்கும். இவ்வளவுதான் தத்துவம். சிக்கல் எங்கே என்றால், அந்தப் படிகமும் அதைத் தாங்கும் பாகங்களும் 150 வளிமண்டல அழுத்தத்தை இரவு பகலாக வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டு கிடக்கின்றன. மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கின்றன. கடலில் ஒன்றுமே மாறாவிட்டாலும் கருவி காட்டும் எண் நகரும். அதுதான் டிரிஃப்ட். முதல் சில வாரம் வேகமாக நகரும், பிறகு நிதானப்பட்டு ஏறக்குறைய நேர்கோடாகிவிடும். சில கருவிகளில் மேல்நோக்கி, சிலவற்றில் கீழ்நோக்கி. வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நீர் அளவுக்குப் போகும், மோசமான சென்சாரில் இன்னும் கூடுதல்.

இப்போது மலையைப் பாருங்கள். அடியில் மேக்மா என்னும் உருகிய பாறை சேரச் சேர, உச்சியில் உள்ள பெரிய பள்ளமான கால்டெராவின் தரை மெல்ல, ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். 2011-க்கும் 2015-க்கும் நடுவே ஆக்சியல் வருடத்துக்கு 60 செ.மீ. போல ஏறிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் டிரிஃப்ட் பெரிய தொல்லை இல்லை. பிறகு வேகம் குறைந்துகொண்டே வந்து, 2023 வாக்கில் சில சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. அப்போது இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஒரு கருவியின் ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, இதில் மலை எவ்வளவு, கருவி எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வடிகட்டியாலும் முடியாது, இயந்திரக் கற்றலாலும் முடியாது. அந்தத் தகவல் தரவுக்குள்ளேயே இல்லை.

பக்கத்து நிலையத்தைக் கழித்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். நடுவில் உள்ள கருவியிலிருந்து விளிம்பில் உள்ளதைக் கழித்தால் ஓதமும் (கடலின் ஏற்றவற்றம்) நீரோட்டமும் பெரும்பாலும் போய்விடும், அது உண்மை. டிரிஃப்ட் போகாது. இரண்டு கருவிகளின் டிரிஃப்டும் சேர்ந்து ஒரே கோட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

நான் இந்த வேலைக்கு வந்தது சுனாமி மிதவைத் தரவிலிருந்து. வங்காள விரிகுடாவில் அந்த மிதவைகளுக்கு அடியில் கிடப்பதும் இதே வகை அழுத்தப் பதிவிதான். சுனாமி சில பத்து நிமிடத்தில் கடந்துபோய்விடும். அங்கே மெதுவான மாற்றம் எல்லாமே வேண்டாத சுமை. நிரலில் முதல் வேலை, நேர்கோடு பொருத்திக் கழிப்பது. நான்கு வருடம் அந்த வரியை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. பசிபிக்கில் வேறொரு கடலடி மலையின் தரவு முதன்முதலாகக் கைக்கு வந்தபோதும் அதே வரிதான் மேலே போனது. "ஓராண்டாக அசைவில்லை" என்று முடிவு எழுதிக் கொடுத்தேன். மெதுவாக நகர்வதுதான் மலை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த முடிவு ஒரு தாளோடு நின்றிருந்தால் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த கப்பல் பயணத்தை அதை வைத்துத் திட்டமிட்டார்கள்.

டிரிஃப்டைப் பிரிக்கப் பழைய, நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. கடலடியில் ஆங்காங்கே கான்கிரீட் பீடங்கள் வைத்திருப்பார்கள். ரிமோட்டில் இயங்கும் நீர்மூழ்கி ரோபோ, ஓர் அழுத்தமானியைத் தூக்கிக்கொண்டு பீடம் பீடமாகப் போகும். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் போல வைத்து அளக்கும். முதல் பீடம் மலையின் அசைவு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஆக்சியலில் அது கால்டெராவுக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தள்ளி இருக்கிறது. கடைசியில் அதே முதல் பீடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும். ஓதத்தைக் கழித்த பிறகும் இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த வித்தியாசம் கையில் இருக்கும் அழுத்தமானியின் டிரிஃப்ட். அதைத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு பீடத்தின் உயரமும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் கிடைக்கும். அடுத்தடுத்த பயணங்களின் உயரங்களை ஒப்பிட்டால், நிரந்தரமாக வைத்த பதிவிகளின் டிரிஃப்டையும் கணக்கிட்டுவிடலாம். பில் சாட்விக், ஸ்காட் நூனர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் ஆக்சியலில் இதைத்தான் விடாமல் செய்துவந்தார்கள். அந்த மலையைப் பற்றி இன்று இவ்வளவு தெரிவதற்கு அதுவே அடித்தளம்.

எங்கள் பயணத்தில், மலைதான் அசையவில்லையே என்று ஆறு பீடங்களை மூன்றாகக் குறைத்தார்கள். கடைசி நாள் மாலை, ரோபோவை இயக்கும் கண்டெய்னருக்குள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருட்டு, ஏசி குளிர், திரையில் மட்டும் வெளிச்சம். ரோபோவின் கை அழுத்தமானியைப் பீடத்தின் நடுவில் இறக்கியதும் வண்டல் கொஞ்சம் புகைந்து அடங்கியது. எண்களில் கடைசி இரண்டு இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது இலக்கம் நின்றதும் பென்சிலால் நேரம் குறிப்போம். குறித்தேன். அலை உயரப்போகிறது என்று மேலிருந்து செய்தி வந்தது. முதல் பீடத்துக்குத் திரும்பிப் போய்வர மூன்று மணி நேரம் ஆகும். போக வேண்டுமா என்று என்னைக் கேட்டார்கள். "தேவையில்லை, எதுவும் அசையவில்லை" என்று சொன்னது நான்தான். ரோபோவைத் தூக்கிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பி ஆறு வாரம் கழித்துத்தான் என் நிரலின் முதல் வரி என் கண்ணில் பட்டது. அதை நீக்கிவிட்டு ஓட்டினால் கோடு சரிந்து ஓடியது. அந்தச் சரிவு மலையா, கருவியா? சொல்லக்கூடிய ஒரே அளவை மூன்று மணி நேரத்துக்காக விட்டுவிட்டு வந்திருந்தோம். அந்தப் பருவத்தின் பீட அளவுகள் எதற்கும் பயன்படவில்லை. அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த மலையின் உயர வரைபடத்தில் அந்த இடத்தில் இன்றும் புள்ளிக்கோடுதான் போடுகிறோம்.

இப்போது தன்னைத்தானே சரிபார்க்கும் பதிவிகள் வந்திருக்கின்றன. ஒரு வால்வு, சென்சாரைக் கடலிலிருந்து பிரித்துக் கூட்டுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தோடு கொஞ்ச நேரம் இணைக்கும். அந்தக் காற்றழுத்தத்தை ஒரு பாரோமானி தனியாக அளக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசம் டிரிஃப்ட். ஆக்சியலிலும் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் இறக்கும் தரவு அந்த வகைக் கருவியிலிருந்து வந்ததுதானா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பீட அளவுகளைத் தேடி எடுங்கள். இரண்டும் இல்லையென்றால் கோட்டை அப்படியே விட்டுவிட்டு, "டிரிஃப்ட் பிரிக்கப்படவில்லை" என்று வரைபடத்தின் மேலேயே எழுதுங்கள்.

கருவி எழும்பியதைத் தரை எழும்பியதாக எழுதுவது

1998-இல் ஆக்சியல் வெடித்தபோது ஒரு கருவி லாவாவில் மாட்டிக்கொண்டது. அடுத்த வருடம் அதை மீட்டெடுத்துப் பதிவைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அது சுமார் 3 மீட்டர் மேலே போய், பிறகு இறங்கியிருந்தது. அடியில் பரவிய லாவா உப்பி அதைத் தூக்கியிருக்கிறது. அதே சமயம் கால்டெராவின் தரை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. திடீர்த் தாவல் ஒன்றைக் கண்டால், கருவி எதன் மேல் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.

ஓதத்தைக் குப்பை என்று ஒதுக்குவது

உயரத்துக்குக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் கழித்ததைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2015 வெடிப்புக்கு முன் ஆக்சியலில், ஓதம் தாழும் நேரங்களில்தான் நடுக்கங்கள் கூடின. மேலே அழுத்தும் நீரின் சுமை குறைந்தால் பிளவுகளின் பிடி தளர்கிறது.

கடிகாரம்

கேபிள் இல்லாத கருவிக்குக் கடலடியில் ஜிபிஎஸ் எட்டாது. இறக்கும்போது ஒருமுறை, எடுத்த உடனே ஒருமுறை நேரம் ஒப்பிட வேண்டும். 0.1 வினாடி பிசகினால் நடுக்கத்தின் இடம் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும், கால்டெராவின் அகலமே 3 கி.மீ. தான்.

மேலே ஒன்றும் தெரியவில்லையே என்று இருப்பது

2011 ஏப்ரலில் ஆக்சியல் வெடித்தது அந்தச் சமயத்தில் யாருக்கும் தெரியாது. அப்போது அங்கே கேபிள் இல்லை, கருவிகள் தரவைத் தங்களுக்குள்ளேயே சேமித்துக்கொண்டிருந்தன. ஜூலையில் கப்பல் போய் ரோபோவை இறக்கியபோது, பழகிய இடமே அடையாளம் தெரியவில்லை. பழைய தரையின் மேல் புது லாவா. சில கருவிகள் அதற்கு அடியில்.

2012-இல் நியூசிலாந்துக்கு வடக்கே ஹாவ்ர் எரிமலை வெடித்ததில் நுரைக்கற்கள் பெரும் பரப்பாக மிதந்தன. விமானத்தில் போன ஒரு பயணி அதைக் கண்டு சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ. இந்தியப் பெருங்கடலில் உள்ள மயோட் தீவில் 2018 மே மாதம் நடுக்கங்கள் தொடங்கின. பெரியது 5.9 அளவு வரை போனது. தீவிலிருந்த ஜிபிஎஸ் நிலையங்கள் கிழக்கே நகர்ந்தன, கீழேயும் இறங்கின. மறு வருடம் மே மாதம் கப்பல் போய்ப் பார்த்தால், தீவிலிருந்து 50 கி.மீ. கிழக்கே, 3500 மீட்டர் ஆழத்தில், 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஒரு புது எரிமலை. இவற்றில் எதிலும் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்கூட்டி ஒன்றும் தெரிந்திருக்காது.

தேதி சொல்வது

ஆக்சியல் 2014-க்குள் வெடிக்கும் என்று சாட்விக்கும் நூனரும் 2006-இல் சொன்னார்கள், 2011-இல் வெடித்தது. 2015-இல் வெடிக்கும் என்று 2014-இல் சொன்னது அப்படியே நடந்தது. 2025 முடிவதற்குள் வெடிக்கும் என்று 2024-இல் சொன்னது நடக்கவில்லை. தரை முந்தைய வெடிப்பின்போது இருந்த உயரத்தை எட்டினால் அருகில் வந்துவிட்டது என்று சொல்லலாம். உயரும் வேகமோ மாறிக்கொண்டே இருக்கிறது. வருடத்துக்கு 60 செ.மீ. ஏறியது சில சென்டிமீட்டராகச் சுருங்கினால், முன்பு போட்ட கணக்கு முழுவதும் தள்ளிப்போகும். தவறிப்போனதையும் அதே இடத்தில், அதே பெயரில் வெளிப்படையாகச் சொன்ன அந்த விஞ்ஞானிகள் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது. நீங்கள் தேதி சொல்வதானால், எந்த உயரத்தை, எந்த வேகத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

குறிப்பேடு

சென்சாரின் சீரியல் நம்பர், எந்தப் பீடம், கருவியின் எந்தப் பக்கம் வடக்கே பார்த்தது, எத்தனை மணிக்கு வைத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது. பென்சிலால், அந்த நிமிடமே. அந்த மாணவருக்கும் பதிலில் முதலில் இதைத்தான் கேட்டேன்: நீங்கள் எடுத்தது எந்த சென்சாரின் தரவு? அவருக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்.