என்சிஎஸ் தளத்தில் வேலை தேடுவது எப்படி? சிக்கிக்கொண்டால் யாரைக் கேட்பது?

பிரவுசிங் சென்டரில் நூறோ இருநூறோ கொடுத்துவிட்டு "ஆன்லைன்ல வேலைக்குப் பதிஞ்சாச்சு" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். எந்தத் தளம் என்று கேட்டால் தெரியாது. கடவுச்சொல் சென்டர்காரரிடம் இருக்கும். பதிவில் இருக்கும் மொபைல் எண் யாருடையது என்பதே சிலருக்குச் சந்தேகம். கம்பெனிக்காரர் கூப்பிட்டால் அந்த அழைப்பு யாருக்குப் போகும்?

மத்திய தொழிலாளர் அமைச்சகம் நடத்தும் நேஷனல் கேரியர் சர்வீஸ், சுருக்கமாக என்சிஎஸ், 2015 ஜூலையில் தொடங்கிய தளம். பதிவதற்கும் தேடுவதற்கும் விண்ணப்பிப்பதற்கும் காசு கிடையாது. உதவி கேட்பதற்கும் கிடையாது. கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். புதிதாக வருகிறவர்கள் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறார்கள், அங்கே யாரைக் கேட்கலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

தமிழ்நாட்டில் வேலை தேடுபவருக்கு அரசுத் தளங்கள் மூன்று இருக்கின்றன. ஒன்றில் பதிந்தால் மற்றதில் பதிந்ததாக ஆகாது.

பழைய 'எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்' பதிவு இப்போது மாநில அரசின் தமிழ்நாடு வேலைவாய்ப்பு தளத்தில் நடக்கிறது. பதிவு மூப்பு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் எல்லாம் இதற்குத்தான். இரண்டாவது, மாநில அரசின் தனியார் துறை வேலை இணையம். 2020-ல் வந்தது. தமிழ்நாட்டுக் கம்பெனிகள் ஆள் தேடும் இடம், இதுவும் இலவசம். மூன்றாவதுதான் நாடு முழுவதற்குமான என்சிஎஸ்.

என்சிஎஸ்ஸில் பதிந்துவிட்டதால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சீனியாரிட்டி ஏறும் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். ஏறாது. என்னைக் கேட்டால், உள்ளூரிலேயே வேலை வேண்டும் என்பவர் மாநிலத்தின் தனியார் துறைத் தளத்திலும் கட்டாயம் பதிய வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத் என்று வெளியே போகவும் தயார் என்றால் என்சிஎஸ் கூடுதல் பலம். இரண்டிலும் பதிந்தால் அரை நாள் போகும், அவ்வளவுதான்.

படி 1: உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆதார் அல்லது பான் அட்டை, மதிப்பெண் சான்றிதழ்கள், பயோடேட்டா ஒரு பிடிஎஃப் கோப்பாக. இதுபோக, உங்கள் பெயரில் உங்கள் கையிலேயே இருக்கும் மொபைல் எண். அப்பா எண், அண்ணன் எண், நண்பன் எண் எதுவும் வேண்டாம். கம்பெனிக்காரர் ஒருமுறை கூப்பிடுவார், எடுக்கவில்லை என்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

இ-ஷ்ரம் அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தப் பதிவு என்சிஎஸ்ஸோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் உள்ள யுஏஎன் என்ற பதிவு எண்ணை வைத்தே இங்கே பதியலாம்.

படி 2: சரியான தளத்துக்குள் போவது

கூகுளில் தேடினால் இதே பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்த போலித் தளங்களும் வரும். முகவரி 'என்சிஎஸ் டாட் கவ் டாட் இன்' (ncs.gov.in) என்று முடிகிறதா பாருங்கள். நடுவில் கோடு, கடைசியில் 'டாட் காம்', 'டாட் ஆர்க்' என்று இருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். பதிவதற்குக் கட்டணம் கேட்டாலும் அது என்சிஎஸ் இல்லை.

படி 3: பெயர், இனிஷியல், ஓடிபி

பதிவுப் பக்கத்தில் 'ஜாப்சீக்கர்', அதாவது வேலை தேடுபவர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் 'எம்ப்ளாயர்' பக்கம் போய் ஜிஎஸ்டி எண் கேட்கிறதே என்று திகைப்பவர்களும் உண்டு.

அடுத்து வருவது பெயர். நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். வடநாட்டுப் பழக்கப்படி முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் 'முருகன் எஸ்' என்று இருக்கும், ஆதாரில் 'எஸ் முருகன்' என்று இருக்கும். பான் அட்டையில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் 'முருகன் சண்முகம்' என்று அப்பா பெயர் முழுசாக வந்து உட்கார்ந்திருக்கும். எல்லாம் ஒரே ஆள்தான். ஆனால் கணினிக்கு மூன்று ஆள்.

எந்த அட்டையின் எண்ணைக் கொடுக்கிறீர்களோ, அந்த அட்டையில் உள்ளபடியே பெயரை அடியுங்கள். எழுத்து, இடைவெளி, இனிஷியலின் இடம் எல்லாமே அதே மாதிரி இருக்க வேண்டும். சான்றிதழில் வேறு மாதிரி இருக்கிறதே என்று இங்கே கவலைப்பட வேண்டாம், அதைப் பயோடேட்டாவில் சரிசெய்யலாம். பிறந்த தேதியும் அப்படித்தான். சில பழைய ஆதார் அட்டைகளில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கும். அந்த அட்டை வைத்திருப்பவர்கள் பான் எண்ணை வைத்துப் பதிவது எளிது.

ஓடிபி வரவில்லையா? முதலில் உங்கள் சிம்மில் ரீசார்ஜ் முடிந்துவிட்டதா பாருங்கள். வேலிடிட்டி போன சிம்முக்குச் சில நாட்களில் எஸ்எம்எஸ் வருவதும் நின்றுவிடும். அது சரியாக இருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி கேளுங்கள். பொறுமையில்லாமல் நாலு தரம் அழுத்தினால் நாலு எண் வரும், கடைசியாக வந்தது மட்டும்தான் வேலை செய்யும்.

கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். கணினிக்காரர்கள் இதைத் திட்டுவார்கள். மறந்துபோய் இரண்டாவது பதிவு போட முயல்வதைவிட இது மேல். ஒரே அடையாள எண்ணில் இரண்டு பதிவை ஏற்காமல் தளம் தகராறு செய்யும்.

படி 4: உங்கள் விவரப் பக்கம்

படிப்பை மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. கம்பெனிக்காரர் தேடுவது 'பி.காம்' என்று இல்லை, 'டேலி', 'ஜிஎஸ்டி ரிட்டர்ன்', 'எக்செல்' என்று தேடுவார். ஐடிஐ படித்தவர் 'ஃபிட்டர்' என்பதோடு நிறுத்தாமல் ஓட்டத் தெரிந்த மிஷின்களையும் எழுத வேண்டும். 'சிஎன்சி டர்னிங்', 'விஎம்சி', 'வெர்னியர், மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரியும்' என்பதெல்லாம் தேடலில் உங்களை மேலே கொண்டுவரும். அப்பா கடையில் மூன்று வருடம் கணக்குப் பார்த்திருந்தால் அதுவும் அனுபவம்தான், போடுங்கள். பொய் மட்டும் போடாதீர்கள். நேர்காணலில் முதல் இரண்டு கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

எங்கே வேலை செய்யத் தயார் என்று கேட்கும் கட்டத்தில் உங்கள் மாவட்டத்தோடு பக்கத்து மாவட்டங்களையும் சேருங்கள். எதிர்பார்க்கும் சம்பளத்தை வெறுமனே விடாதீர்கள். ஊரில் அந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு பேரை விசாரித்துப் போடுங்கள்.

படி 5: தேடுவது

ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள், கம்பெனிகள் விளம்பரம் போடுவது ஆங்கிலத்தில்தான். ஆனால் நாம் புழங்கும் பெயரும் அவர்கள் போடும் பெயரும் ஒன்றாக இருக்காது. திருப்பூரில் 'டெய்லர்' என்று சொல்லும் வேலை அங்கே 'சூயிங் மிஷின் ஆபரேட்டர்' என்று இருக்கலாம். 'கடை வேலை' அங்கே 'ரீடெய்ல் சேல்ஸ் அசோசியேட்'. ஒரு பெயரில் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் அதே வேலையை வேறு இரண்டு பெயர்களில் தேடிப் பாருங்கள்.

மாவட்டத் தேர்விலும் கவனம் வேண்டும். ஓசூர் என்று ஒரு மாவட்டம் கிடையாது, கிருஷ்ணகிரியில் தேட வேண்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் காஞ்சிபுரம். மறைமலை நகர், 2019-ல் தனியாகப் பிரிந்த செங்கல்பட்டில் வரும். ஆனால் பழைய பழக்கத்தில் காஞ்சிபுரம் என்றே விளம்பரம் போடுகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் இரண்டிலும் பாருங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூருக்கும், திருநெல்வேலி, தென்காசிக்கும் இதே கதைதான்.

விளம்பரம் போட்ட தேதியையும் கடைசித் தேதியையும் கட்டாயம் பாருங்கள். ஆள் எடுத்து முடித்த பிறகும் அகற்றாமல் கிடக்கும் விளம்பரங்கள் எல்லாத் தளத்திலும் உண்டு. இன்னொன்று, என்சிஎஸ்ஸில் தனியார் வேலைத் தளங்களின் விளம்பரங்களும் சேர்ந்தே வரும். அவற்றை அழுத்தினால் அந்தத் தளத்துக்கே கொண்டுபோய்விடும், அங்கே தனியாகப் பதியச் சொல்லும். அந்த இடத்தில் 'பிரீமியம்', 'ரெஸ்யூமே சர்வீஸ்' என்று காசு கேட்டால் கட்ட வேண்டிய அவசியமில்லை.

சம்பளத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 'சிடிசி' என்று போட்டிருந்தால் அது கைக்கு வரும் தொகை இல்லை, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) போன்றவற்றுக்குக் கம்பெனி உங்களுக்காகக் கட்டும் பங்கும் அதற்குள் இருக்கும். மொத்தச் சம்பளம் 15,000, அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் உங்கள் பங்காக பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிப்பார்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐக்கு, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு, மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பு. ஆக, இங்கே கைக்கு வருவது 13,450 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. சாப்பாடு, ஹாஸ்டல் பிடித்தம் இருக்கிறதா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பது தப்பில்லை.

படி 6: சிக்கிக்கொண்டால்

என்சிஎஸ்ஸின் கட்டணமில்லா எண் 1514. செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை பேசலாம். திங்கட்கிழமை விடுமுறை. அது தெரியாமல் திங்களன்று அழைத்துவிட்டு "எடுக்கவே மாட்டேங்கிறாங்க" என்று விட்டுவிடக் கூடாது. பல மொழிகளில் பேசும் மையம் அது, ஆரம்பத்தில் மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

அழைக்கும் முன் பதிந்த மொபைல் எண், பயனர் பெயர், திரையில் வந்த பிழைச் செய்தி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். "சார், லாகின் ஆகல" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வணக்கம்ங்க. போன மாசம் பான் நம்பர் வச்சு பதிஞ்சேன். இப்ப மொபைல் நம்பர் மாறிடுச்சு. ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது. புது நம்பரை எப்படி மாத்துறது?" கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் சீக்கிரம் வரும். புகார் எண் கொடுத்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஓடிபி, கடவுச்சொல் இரண்டையும் எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். நீங்கள் அழைக்காமல் அவர்களாகவே "என்சிஎஸ்லேர்ந்து பேசறோம்" என்று அழைத்தால் இன்னும் உஷாராக இருங்கள்.

தொலைபேசியில் புரியவில்லை என்றால் உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு நேரில் போங்கள். பழைய எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்தான் இது, பெயர் மாறியிருக்கிறது. தனியார் துறைத் தளத்தில் பதிவது பற்றிய சந்தேகங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சிறிய அளவிலான வேலைவாய்ப்பு முகாம்களையும் இவர்களே நடத்துகிறார்கள். பல மாவட்டங்களில் அது வெள்ளிக்கிழமைகளில் நடக்கும், தேதியை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சி மாதிரி தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கு அங்குள்ள தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சியும் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று சென்னை கிண்டியிலும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கென்று சென்னை சாந்தோமிலும் மத்திய அரசின் தனி என்சிஎஸ் மையங்கள் இருக்கின்றன. வழிகாட்டுதலும் பயிற்சியும் கொடுப்பார்கள். இப்படி ஓரிடம் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பது வருத்தம்தான்.

படி 7: காசு கேட்டால்

அரசுத் தளத்தில் வந்த விளம்பரம் என்பதால் மட்டும் அந்தக் கம்பெனி யோக்கியமானது என்று ஆகிவிடாது. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், லேப்டாப் செக்யூரிட்டி, 'திருப்பித் தருவோம்' என்ற முன்பணம், எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சம்பளம் கொடுக்க வேண்டியவர் உங்களிடம் ஏன் காசு கேட்கிறார்? விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1514-க்குச் சொல்லுங்கள். காசு போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், அது சைபர் குற்றத்துக்கான உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு இரண்டு நாள் மூடி வைப்பதுதான் மோசடிக்காரருக்கு நாம் செய்யும் உபகாரம்.

வெளிநாட்டு வேலை என்றால் இரட்டை எச்சரிக்கை. 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் அடைத்து வைக்கப்பட்ட இந்தியர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஏஜெண்ட் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிந்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிந்த ஏஜெண்டே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள்.

வேலை கிடைத்த பிறகு

என்சிஎஸ்ஸில் உங்கள் நிலையை 'வேலையில் இருக்கிறேன்' என்று மாற்றிவிடுங்கள், தேவையில்லாத அழைப்புகள் குறையும். தனியார் வேலையில் சேர்ந்துவிட்டோமே என்று மாநில வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைக் கைவிட்டுவிடாதீர்கள். மூன்று வருடம் ஆகும் மாதத்தை இப்போதே போன் காலண்டரில் போட்டு வைத்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே புதுப்பித்துக்கொள்ளலாம்.