தரவுத்தளக் கனெக்டருக்கு முதல் பங்களிப்பு: ஒரு சோதனையோடு போங்கள்

கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். விவசாயி கொண்டுவந்து போடும் பசுந்தேயிலையின் எடை, பைதான் நிரலிலிருந்து மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்குப் போகும் வழியில் நிற்பது கனெக்டர். அது பிசகினால் ஒரு குடும்பத்தின் மாத வரவு பிசகும். அதனால்தான் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூலக் கனெக்டர்களுக்கு உழைப்பதைப் பெரிய காரியமாக நினைக்கிறேன். உழைக்க வரும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: புதிய வசதியோடு போகாதீர்கள், ஒரு சோதனையோடு, அதாவது கனெக்டர் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சிறு நிரலோடு போங்கள்.

நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கனெக்டரையே தேர்ந்தெடுங்கள். முழுவதும் பைதானில் எழுதப்பட்ட பைமைஎஸ்கியூஎல் தொடக்கத்துக்கு நல்லது. சி மொழிக் கம்பைலரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தில் அது வருகிறது. ஆரக்கிள் வெளியிடும் மைஎஸ்கியூஎல் கனெக்டர்கள் என்றால், முதலில் ஆரக்கிள் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்து, கம்பியில் ஓடுவதைக் கண்ணால் பாருங்கள். உங்கள் கணினியிலேயே சர்வரை நிறுவி, டிஎல்எஸ் குறியாக்கத்தை அணைத்துவிட்டு, பிணையத்தில் ஓடும் தரவுத் துண்டுகளை (பாக்கெட்டுகளை) காட்டும் வயர்ஷார்க் என்ற கருவியில், மைஎஸ்கியூஎல் பயன்படுத்தும் 3306 போர்ட்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் மூன்று பைட்டுகள் நீளம், நான்காவது பைட் வரிசை எண், அதற்குப் பிறகே உள்ளடக்கம். ஆவணத்தை மட்டும் படித்தவருக்கு இது மனத்தில் தங்காது.

இனி நம் கையில் இருக்கும் செல்வமான தமிழுக்கு வருவோம். யுனிகோடின் தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும், குறியீடுகளை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். 'கட்டபெட்டு' என்ற ஊர்ப்பெயரில் பத்துக் குறியீடுகள், ஆகவே 30 பைட். மைஎஸ்கியூஎல் ஒரு சொற்சரத்தை அனுப்பும்போது அதன் நீளத்தை முன்னால் வைக்கிறது. நீளம் 250 வரை இருந்தால் ஒரே பைட் போதும். அதைத் தாண்டினால் 252 என்ற அடையாள பைட்டும், பின்னால் இரண்டு பைட் நீளமும் வரும். 65,535-ஐயும் தாண்டினால் அடையாளம் 253, நீளத்துக்கு மூன்று பைட். ஆங்கில எழுத்து 84 இருந்தாலும் முதல் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். 'த' என்ற எழுத்தை 83 முறை அடுக்கினால் 249 பைட்; 84 முறை அடுக்கினால் 252 பைட், எல்லை தாண்டியாயிற்று. 21,845 முறை அடுக்கினால் மிகச் சரியாக 65,535. இந்த எண்களையும் இவற்றோடு ஒன்று கூட்டியவற்றையும் எழுதிப் படித்து, போனதே திரும்பி வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

இன்னும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. ஒரு பாக்கெட்டின் உள்ளடக்கம் 16,777,215 பைட்டுக்கு மேல் போக முடியாது. மீதி அடுத்த பாக்கெட்டில் வரும். 'த'வை 55,92,405 முறை அடுக்கித் தரும்படி சர்வரிடமே கேளுங்கள். மைஎஸ்கியூஎல் 8.0 இயல்பாகவே 64 எம்பி வரை அனுமதிக்கிறது. நீளத்தைச் சொல்லும் நான்கு பைட்டுகள் முன்னால் உட்கார்ந்துவிடுவதால், முதல் பாக்கெட் ஓர் எழுத்தின் நடுவில் அறுந்து, அதன் இரண்டு பைட் இங்கும் ஒன்று அங்குமாகப் பிரியும். பாக்கெட்டுகளை ஒட்டிச் சேர்த்த பிறகு எழுத்தாக மாற்றும் கனெக்டர் தப்பிக்கும். துண்டு துண்டாக மாற்றுவது விழும். வெறும் ஆங்கிலத் தரவால் இந்தக் குறை வெளியே வராது.

மழைக்காலத்தில் எங்கள் மலையில் மரம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். ஆகவே அறுந்த இணைப்பையும் சோதியுங்கள். சர்வரை நிறுத்திப் பார்ப்பது போதாது. நிறுத்தும்போது இயங்குதளம் இணைப்பை மூடும் செய்தியை அனுப்பிவிடும். லினக்ஸின் தீச்சுவர்க் கருவியான ஐபிடேபிள்ஸ் கொண்டு 3306-க்கான பாக்கெட்டுகளை ஓசையின்றி விழுங்கச் செய்யுங்கள். அப்போது படிப்பதற்கான காலவரம்பு இல்லாத நிரல் அப்படியே காத்துக் கிடக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் லினக்ஸின் கீப்அலைவ் இயக்கப்பட்டிருந்தாலும், இயல்பான அமைப்பில் முதல் விசாரிப்புக்கே 7,200 வினாடி ஆகும்.

காலவரம்பு முடிந்த இணைப்பு, மறுபடி பயன்படுத்த இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் பொதுத் தொகுப்புக்கு மீண்டும் போகக் கூடாது. தாமதமாக வந்து சேரும் பழைய பதிலை அடுத்த கேள்வியின் பதில் என்று கனெக்டர் எடுத்துக்கொள்ளக்கூடும். அறுந்தவுடன் கட்டளையைத் தானாக மறுபடி அனுப்பும் வசதியை யாராவது முன்மொழிந்தால், உறுதியாக எதிர்த்து எழுதுங்கள். முதல் கட்டளை பதிவானதா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாது. ஒரே மூட்டை இரண்டு முறை எடையேறும்.

சோதனை விழுந்தால், திட்டத்தின் மூலநிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் குறையைப் பதியுங்கள். சர்வர், கனெக்டர், பைதான் ஆகியவற்றின் பதிப்பு எண்கள், குறையைக் காட்டும் மிகச் சிறிய நிரல், எதிர்பார்த்தது, கிடைத்தது ஆகியவை இருந்தால் போதும். ஆங்கிலம் எளிமையாக இருக்கட்டும். 'த' ஏன் மூன்று பைட் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பராமரிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பங்களிப்பில் ஒரே விஷயம்தான். போகிற போக்கில் பிறருடைய வரிகளின் இடைவெளிகளைத் திருத்தாதீர்கள். கடவுச்சொல் கசிவது போன்ற பாதுகாப்புக் குறையாக இருந்தால் பொதுவில் எழுதாமல், திட்டத்தின் பாதுகாப்புக் குறிப்பு காட்டும் வழியில் தனியே தெரிவியுங்கள்.

சோதனை வெற்றி பெற்றாலும் அதை அனுப்புங்கள். நாளை யாரோ அந்தப் பகுதியை வேகப்படுத்தப் போய் ஓர் எழுத்தை உடைத்தால், வெளியீட்டுக்கு முன்பே அது பிடிபட்டுவிடும்.