பழைய காருக்கு வீட்டுக் கராஜ்: கொழும்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஸ் மைனரோ ஒஸ்டினோ வாங்கி வீட்டிலேயே திருத்தி எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஓடுவது உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு. ஸ்பானர் செட், கிரைண்டர், ஒரு கொம்பிரசர் என்று வாங்கிக் குவித்த பிறகுதான் காரை எங்கே நிறுத்துவது என்ற யோசனை வரும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றுங்கள். வேலைக்குப் போகிற ஒருவருக்குக் கிடைப்பது ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும்தான். அதிலும் பாதி கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் போய்விடும். ஆக, கழற்றிப் போட்ட கார் அநேகமான நாட்களில் யாரும் தொடாமல்தான் நிற்கப்போகிறது. அந்த நாட்களில் காரைக் கெடாமல் வைத்திருக்கிற இடமா என்று பார்த்துத்தான் கராஜை ஒழுங்குபண்ண வேண்டும்.

இடத்தை அளப்பதிலேயே பலர் பிழை விடுகிறார்கள். மைனரின் நீளம் 12 அடி 4 அங்குலம், அகலம் 5 அடி. போர்ட்டிக்கோவில் கார் அடங்கினால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் கதவு, பொனெட், மட்காட், சீற் எல்லாம் கழன்று வந்தால் இன்னொரு காருக்கான இடம் வேண்டும். இரண்டு பக்கமும் 3 அடியாவது இல்லாவிட்டால் கதவைத் திறந்து வைத்து வேலை செய்ய முடியாது. இடம் போதாது என்றால் கழற்றிய பாகங்களை வைக்க வீட்டுக்குள் ஓர் அறையைக் கேட்டு வாங்குங்கள். அதையும் முதல் ஆணியைக் கழற்றுவதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது!

அடுத்தது தரை. இங்கே பல வீடுகளில் இன்டர்லொக் கல், அதுவும் மழைத் தண்ணீர் ஓட வீதிப் பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். காரைத் தூக்கும் ஜக்கின் சில்லு கல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டின் கால் மெல்ல மெல்லப் புதையும். முக்கால் அங்குலப் பிளைவுட் துண்டோ இரும்புத் தகடோ கீழே போட்டு, கழற்றாத சில்லுகளுக்கு மரக்கட்டை வைத்த பிறகே காரைத் தூக்க வேண்டும். சீமெந்து புளொக் கல்லின் மேல் காரை ஏற்றிவிட்டுக் கீழே படுப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கல் வெடிப்பதற்கு முன் எந்த அறிகுறியும் காட்டாது.

மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பொடியே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் உக்கியிருந்தால் ஜக் உள்ளே போய்விடும். அதை வெட்டி மாற்றும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை ஒட்டி வைக்காமல் வெட்டுவது பெரிய பிழை. பொடி சற்றே தொய்ந்தாலும் புதுச் சில் ஒட்டிய பிறகு கதவு பூட்டாது.

கீழே நின்று வேலை செய்யக் குழி வெட்டலாமே என்று மேசன் பாஸ் யாராவது ஆசை காட்டுவார். வேண்டாம். தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கத் தாழ்ந்த வளவுகளில் மழைக்கு அது கிணறாகிவிடும். காய்ந்து கிடந்தாலும் ஆபத்துத்தான், ஏனென்றால் பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, வந்து குழிக்குள் தேங்கும்.

இனி ஈரம். கொழும்பில் பழைய காரின் முதல் எதிரி அதுதான். காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வெறும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். இங்கே காலையில் அது 80க்கு மேலே நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வேறு. காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருப்பவர்களுக்கு அந்தக் காற்றோடு உப்பும் இலவசம். இந்த ஊரில் முழுக் காரின் பெயின்ற்றையும் ஒரேயடியாகச் சுரண்டி வெறும் இரும்பாக்குவதைப் போன்ற பிழை வேறில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் செம்மஞ்சள் ரேகை தெரியும், வியர்வையின் உப்பு அப்படி.

ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். காலையில் சுரண்டினால் பொழுது படுவதற்குள் பிறைமர் ஏற வேண்டும். அந்தப் பிறைமரும் எப்பொக்சியாக இருக்கட்டும். மலிவான சாம்பல் நிறப் பிறைமர் ஈரத்தை உறிஞ்சும். அதை நம்பி மாதக்கணக்கில் விட்டால் மேலே சாம்பல், அடியில் துரு. மழை இருட்டியிருக்கும் நாளில் சுரண்டவே தொடங்காதீர்கள். அன்றைக்குக் காபரேட்டரைக் கழற்றித் துடைக்கலாம்.

காரைப் பிளாஸ்டிக் படங்கால் இறுக்கி மூடுவதும் இதே கதை. தரையிலிருந்து எழும் ஈரம் படங்குக்குள் மாட்டிக்கொண்டு இரவு முழுக்க வியர்க்கும். தரையில் தடித்த பொலித்தீனை விரித்து, காரை ஒரு பழைய பருத்திப் படுக்கை விரிப்பால் மூடினால் போதும், காற்று ஓடும். எஞ்சின் நெடுநாள் சும்மா கிடக்கப்போகிறது என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வரும்போதெல்லாம் கையால் சுற்றிவிடுங்கள்.

கழற்றிய ஆணிகளை எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில் போடுகிற பழக்கத்தையும் விடவேண்டும். இடத்துக்கு ஒரு சிறு பை, உள்ளே பென்சிலால் எழுதிய ஒரு அட்டைத் துண்டு. மார்க்கரால் பையின் வெளியே எழுதினால் எண்ணெய்க் கை பட்டு அழிந்துவிடும்.

ஸ்பானர் விஷயம் சின்னது, ஆனால் கையைக் கடிக்கும். கடைகளில் கண்ணில் படுவது மில்லிமீற்றர் செட். 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்திய மைனரின் நட்டுகளோ பெரும்பாலும் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், 13 ஸ்பானர் ஏறத்தான் செய்யும். இறுகிப்போன நட்டில் ஒரு தடவை வழுக்கினால் மூலை தேய்ந்து வட்டமாகிவிடும். ஏ.எஃப். அளவில், அதாவது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அங்குல அளவில், 7/16, 1/2, 9/16 மூன்றும் நல்லதாக வாங்கினால் பாதி வேலை ஓடும். வொக்ஸ்வாகன் வண்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை, அது மில்லிமீற்றர்தான்.

கரண்ட்: கேத்தல் செருகும் பிளக்கில் மல்ட்டி பிளக் போட்டு, அதில் கொம்பிரசரையும் வெல்டிங் பிளான்ற்றையும் மாட்டாதீர்கள். கராஜுக்கென்று தனி வயர், தனி பிரேக்கர். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து வயர் இழுத்துத் தருகிற ஆளை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஈரத் தரையில் கிரைண்டர் பிடிப்பவரின் உயிர் அந்தச் சுவிட்சில்தான் இருக்கிறது.

கொம்பிரசரால் ஆணி கழற்றலாம், தூசி ஊதலாம். பழைய பிரேக் தூசியை மட்டும் ஊதவேண்டாம்; அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். பெயின்ற் அடிப்பதை என்னைக் கேட்டால் பெயின்ற் பாஸிடமே விடுவேன். நம் காற்றில் கொம்பிரசரின் தாங்கிக்குள் தண்ணீர் சேரும், வடிகட்டி இல்லாவிட்டால் அது பெயின்ற்றோடு சேர்ந்து வரும். மழை நாளில் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ற் அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகித் தகடு குளிர்ந்து, பனி படர்ந்ததுபோல் வெள்ளை பூக்கும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ற் என்றால், அந்த ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேற் நுரையீரலுக்கு ஆகாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும்போது அடிக்கிற பொருள் அது இல்லை.

அயலவரைப் பகைத்துக்கொண்டால் கராஜ் நிலைக்காது. போயா விடுமுறைதான், ஆனால் பக்கத்து வீட்டில் சில் என்ற பௌத்த விரதம் எடுத்திருப்பார்கள்; அன்று கிரைண்டரும் சுத்தியலும் வேண்டாம், பை கட்டி எழுதுகிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பழைய டயர், திறந்த டின், படங்கின் மடிப்பு எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. நுளம்புக் குடம்பியைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்களை நீதிமன்றம்வரை கொண்டுபோகலாம். மாற்றிய எஞ்சின் எண்ணெயைக் கானில் ஊற்றாமல், குப்பையோடும் சேர்க்காமல், மூடியுள்ள கலனில் சேர்த்துச் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

பெற்றோல் தாங்கியை வெல்டிங் தொடங்க முன் கழற்றிக் கராஜுக்கு வெளியே வையுங்கள். காலித் தாங்கிதானே என்று விடுவது இன்னும் மோசம், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது. வாசல் பக்கமாக ஒரு உலர் தூள் அணைப்பான் தொங்கட்டும். எரிகிற பெற்றோலில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு பரவும்.

கடைசியாக, சுரண்டுகிற உற்சாகத்தில் சேசிஸ், எஞ்சின் இலக்கத் தகடுகளை எறிந்துவிடாதீர்கள். மைனரின் சேசிஸ் இலக்கம் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் சின்னப் பட்டையாக அடித்திருக்கும். எஞ்சின் இலக்கம் புளொக்கில். இரண்டையும் முதல் நாளே படம் எடுத்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் காசைக் கொட்டுவதற்கு முன் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு ஒருமுறை போய்க் கதைப்பது நல்லது.