திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர கியூட் தேர்வு: பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முதலிலிருந்து கடைசி வரை

திருவாரூருக்குப் பக்கத்தில் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009-லிருந்து இருக்கிறது. கேரளத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி வந்து பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய நம் பிள்ளைகள் பலருக்கு, அங்கே சேர கியூட் (CUET) எனும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும் என்பதே தெரியவில்லை. தெரியும்போது விண்ணப்பத் தேதி முடிந்திருக்கிறது. எனக்குப் பெரிய ஆதங்கம் இது.

நான் சாயங்காலத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சில வருஷமாக அவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் என் வேலையாகிவிட்டது. அதில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

படி 1: உங்களுக்குத் தேர்வு வேண்டுமா என்று பாருங்கள்

முதலில் ஒரு பயத்தை விடுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி, தஞ்சாவூர் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி, திருவாரூர் திரு.வி.க. கல்லூரி எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ மதிப்பெண் போதும். பொறியியலுக்கும் அப்படித்தான். 2006-இல் சட்டம் கொண்டுவந்து தமிழ்நாடு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டது. கணிதம் நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு எனக் கூட்டி 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள்.

தேர்வு கேட்கும் இடங்கள் வேறு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரிகளுக்கு நீட். திருச்சி என்.ஐ.டி.க்கும், தஞ்சாவூரில் நெல் பதன ஆராய்ச்சி மையமாக இருந்து வளர்ந்த நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பி.டெக். படிப்புக்கும் ஜே.இ.இ. மெயின். நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்துக்குக் கியூட். இந்தக் கட்டுரை கியூட்டைப் பற்றியது. நீட், ஜே.இ.இ. பற்றிச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கியூட்டைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு.

படி 2: படிப்பை முதலில், பாடத்தாளைப் பிறகு

பிள்ளைகள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கியூட் என்பது ஒரே தேர்வு அல்ல. 2025-இல் வந்த முறைப்படி மொத்தம் 37 தாள்கள்: மொழித்தாள் 13, பாடத்தாள் 23, பொதுத் திறனறித் தாள் 1. இவற்றில் அதிகபட்சம் ஐந்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எந்தத் தாளை எழுத வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்கள் சேர விரும்பும் படிப்பு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு படிப்புக்கும் இன்னின்ன தாள் வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கும்.

பள்ளியில் படித்த பாடங்களையே டிக் செய்துவிட்டுப் போவது பெரிய தவறு. எங்களிடம் படித்த ஒரு பெண் வேதியியலையும் உயிரியலையும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். அவள் ஆசைப்பட்ட படிப்புக்குக் கணிதத் தாள் கேட்டிருந்தார்கள். "எனக்குக் கணக்கு நல்லா வருமேக்கா, யாருமே சொல்லலையே" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அந்த வருஷம் எதுவும் செய்ய முடியவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் பல்கலைக்கழக இணையதளத்தில் உங்களுக்குப் பிடித்த மூன்று நான்கு படிப்புகளை எழுதுங்கள். வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக அது கேட்கும் தாள்களை எழுதுங்கள். ஒரே தாள் இரண்டு மூன்று படிப்புக்கு வந்தால் வட்டம் போடுங்கள். வட்டம் போட்டவை கட்டாயம், மிச்ச இடத்துக்கு மற்றவை. ஐந்துக்குள் அடக்கிவிடலாம்.

2025-லிருந்து பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் கியூட்டில் எழுத அனுமதி உண்டு. ஆனால் அந்தப் படிப்பில் சேர பிளஸ் டூவிலும் அந்தப் பாடம் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 3: பெயரும் சான்றிதழும்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பிரச்சினையே இனிஷியல்தான். பட்டியலில் 'மாரிமுத்து க' என்று இருக்கும். ஆதாரில் 'மாரிமுத்து கண்ணையன்' என்று இருக்கும். பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கும். இப்படி இருந்தால் விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள்.

அடுத்து சாதிச் சான்றிதழ். பள்ளியில் கொடுத்த பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலக் கல்லூரிகளுக்குச் செல்லும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசின் படிவத்தில் தனி ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், குடும்பம் 'கிரீமி லேயர்' எனும் வசதி வரம்புக்குள் வரக்கூடாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். சேர்க்கையின்போது பெரும்பாலும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

மாசி மாதம் முழுக்க நம் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் சம்பா அறுத்தவர்கள் கொள்முதல் நிலையத்துக்கு அடங்கல் வாங்க நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் போய் நிற்காமல், ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஓ.பி.சி. சான்றிதழுக்குப் போட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் ஓடுவதைவிட அது நிம்மதி. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் தங்கள் நிரந்தரச் சாதிச் சான்றிதழின் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

படி 4: விண்ணப்பம் போடுவது

தேர்வை நடத்துவது என்.டி.ஏ. எனப்படும் தேசியத் தேர்வு முகமை. 2024-இல் பிப்ரவரி 27 அன்றும், 2025-இல் மார்ச் 1 அன்றும் விண்ணப்பம் திறந்தார்கள். தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், முன்னாலும் வரும். மார்கழி பிறந்ததிலிருந்தே வாரம் ஒருமுறை என்.டி.ஏ. இணையதளத்தைத் திறந்து பாருங்கள். நமக்கு அது அறுவடையும் உளுந்துத் தெளிப்புமாக இருக்கும் காலம். பெரியவர்களுக்கு நினைவிருக்காது, நீங்கள்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். எங்களிடம் வந்த ஒரு பையனுக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டுவிட்டார், கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். மே மாதம் நுழைவுச் சீட்டு எடுக்கப் போனபோது அந்தத் துண்டுச் சீட்டும் இல்லை, அந்த மின்னஞ்சலும் அவருக்குத் திறக்கவில்லை. இரண்டு நாள் அலைந்து கடைசியில் நுழைவுச் சீட்டு கிடைத்தது. அந்த இரண்டு நாளும் அவன் புத்தகத்தைத் தொடவில்லை. விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் பாட நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், அம்மாவின் போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

வினாத்தாள் மொழி என்று ஒரு கட்டம் வரும். 13 மொழிகளில் தமிழும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்கள் தமிழையே தேர்ந்தெடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பணம் கட்டியபின் உறுதிப்படுத்தும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தால்தான் விண்ணப்பம் முடிந்ததாக அர்த்தம். தவறு இருந்தால் திருத்துவதற்குச் சில நாள் அவகாசம் தருவார்கள்.

படி 5: எப்படிப் படிப்பது

ஒரு தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிடம். ஒரு கேள்விக்கு 72 விநாடி. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிப்பார்கள்.

"தெரியாததைத் தொடாதே" என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், நாலு முறையில் ஒருமுறை 5 கிடைக்கும், மூன்று முறை 1 போகும். நாலு கேள்விக்கு மிச்சம் 2. அதாவது கேள்விக்குச் சராசரியாக அரை மதிப்பெண் லாபம். இரண்டு விடை நிச்சயமாகத் தவறு என்று தெரிந்துவிட்டால், மிச்ச இரண்டில் ஒன்றைப் போடும்போது சராசரி லாபம் 2 ஆகிறது. ஆகவே தவறான விடையை ஒதுக்கும் பழக்கத்தைத்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும். தெரியாத கேள்வியிலேயே மூன்று நிமிடம் உட்காருவதுதான் உண்மையான நஷ்டம்.

பாடத்தாளின் பாடத்திட்டம், மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் போடும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒட்டியது. நம் பாடநூல் கழகப் புத்தகத்தில் பெரும்பகுதி இருக்கிறது. இரண்டு புத்தகத்தின் பொருளடக்கத்தையும் எதிரெதிரே வைத்து, நம்மிடம் இல்லாத பாடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொதுத்தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து குறித்து வைத்ததைப் படித்தால் போதும்.

கணக்கில் கெட்டியான பிள்ளைகள் ஆங்கிலத் தாளை ஒதுக்கிவிடுகிறார்கள். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். நம் மண்ணில் நடந்தது. தினம் ஒரு பத்தி ஆங்கிலம் வாசித்து, அதில் தெரியாத சொல் ஐந்தை எழுதிவையுங்கள். ஆங்கிலத் தாளில் வருவது பெரும்பாலும் பத்தியைப் படித்து விடை சொல்வதும் சொற்பொருளும்தான்.

இது கணினியில் எழுதும் தேர்வு. மவுஸைப் பிடித்துப் பழகாத பிள்ளைக்கு முதல் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். உங்கள் அரசுப் பள்ளியின் ஹைடெக் லேபில் ஒரு மணி நேரம் கேளுங்கள், ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். என்.டி.ஏ. தளத்தில் மாதிரித் தேர்வு இலவசம். திரையின் வலது பக்கம் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். விடை போட்டது பச்சை, பார்த்துவிட்டு விட்டது சிவப்பு, பிறகு பார்க்கலாம் என்று வைத்தது ஊதா. விடையைத் தொட்டுவிட்டு 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல் வேறு எண்ணுக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் மாதிரித் தேர்வில் இந்தத் தவறைச் செய்தார்கள்.

படி 6: தேர்வு நாள்

முதலில் எந்த ஊர் என்ற தகவல் வரும், பிறகு நுழைவுச் சீட்டு. சீட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குப் பிறகு வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காலைத் தேர்வு என்றால் முந்தைய நாளே போய்த் தங்குங்கள், முதல் பஸ்ஸை நம்ப வேண்டாம். அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், செல்போனை வீட்டிலேயே விடுங்கள்.

படி 7: முடிவு வந்தபின் இன்னொரு விண்ணப்பம்

கியூட் எழுதி, மதிப்பெண்ணும் வந்தபின் "இனி அவர்களே கூப்பிடுவார்கள்" என்று காத்திருக்கிற பிள்ளைகளை நினைத்தால் மனசு பதறுகிறது. யாரும் கூப்பிடமாட்டார்கள். என்.டி.ஏ.வின் வேலை மதிப்பெண் தருவதோடு முடிந்துவிடும். நீலக்குடிப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் நீங்கள் தனியாகப் பதிவு செய்து, கியூட் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, படிப்புகளை வரிசைப்படுத்த வேண்டும். அதற்கான அவகாசம் குறைவு. முடிவு வந்த நாளிலிருந்து தினமும் அந்தத் தளத்தைப் பாருங்கள்.

கியூட் முடிவு 2023-இல் ஜூலை 15, 2024-இல் ஜூலை 28, 2025-இல் ஜூலை 4 அன்று வந்தது. அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கை அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்திலேயே அரசுக் கல்லூரிகளுக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்து, கிடைக்கும் இடத்தில் சேர்ந்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

"அங்கே டி.சி.யைக் கொடுத்துட்டா அப்புறம் எப்படிக்கா வாங்குறது?" என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. விலகுவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, டி.சி.யைத் திரும்பப் பெறுங்கள். எந்தக் கல்லூரியில் எதைக் கொடுப்பதற்கு முன்னாலும் ஒவ்வொரு சான்றிதழையும் ஐந்து ஜெராக்ஸ் எடுத்து ஒரு உறையில் போட்டு வீட்டில் வைத்துவிடுங்கள்.