வாய்க்காலுக்கு மேற்கே: புதுச்சேரியின் தமிழ் வீதிகள்

பாரிஸிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பலர் கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர் பிரெஞ்சு வீடுகள், மணக்குள விநாயகர் கோயில் என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது பாதி ஊர்தான். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரித்து வைத்திருந்தது பிரெஞ்சு ஆட்சி. நம் மக்கள் பிழைத்த, வணிகம் செய்த, எழுதிய ஊர் இந்த மேற்குப் பக்கம்தான்.

காலை ஆறரை மணிக்கே நடக்கத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, மதியத்தில் பல கடைகள் மூடிவிடும். மிஷன் வீதியில் உள்ள மாதா கோயிலிலிருந்து தொடங்கலாம். ஆட்டோக்காரரிடம் 'சம்பா கோவில்' என்றால் போதும். இப்போதுள்ள கட்டடம் 1791-இல் முடிந்தது. அதற்கு முன் அங்கே இருந்த தேவாலயத்தின் பக்கத்திலேயே வேதபுரீஸ்வரர் கோயிலும் இருந்தது. 1748-இல், துய்ப்ளே கவர்னராக இருந்தபோது, அந்தச் சிவன் கோயில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களின் வேதனையைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு கட்டிய கோயில் சற்றுத் தள்ளி ஈஸ்வரன் கோயில் வீதியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடுங்கள். எல்லா மதத்தாரும் என்றும் இணக்கமாகவே வாழ்ந்த ஊர் என்று யாராவது சொன்னால், இந்தக் கதையையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீதிப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடங்கள். செட்டி வீதி, வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்று யார் எங்கே குடியிருக்கலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. கட்டம் போட்டாற்போன்ற இந்த நேர்வீதிகளுக்குத் திட்டம் போட்டவர்கள், 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள். 1761-இல் ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் பார்க்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவை.

மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் நடுவே உள்ள வைசியாள் வீதியில் நிதானமாக நில்லுங்கள். கீழே மரத்தூண் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம். மாடியில் வளைவு சன்னலும் பிரெஞ்சுப் பாணித் தூண் வேலைப்பாடும். இரண்டு உலகமும் ஒரே வீட்டில்! இந்தத் தெருவைச் சீரமைத்த பணிக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. மற்ற தெருக்களில் இப்படிப்பட்ட வீடுகள் இடிந்து குறைந்துகொண்டே வருவது மனதை வருத்துகிறது. குடும்பங்கள் வசிக்கும் வீடுகள் இவை, கேட்காமல் திண்ணையில் ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம் தெற்கே இறங்கினால் முல்லா வீதி, காஜியார் வீதி. குத்பா பள்ளிவாசலும் மீரான் பள்ளிவாசலும் இந்தப் பக்கம்தான். இங்குள்ள பல தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு வியட்நாமின் சைகோன் நகரத்தோடு தொடர்பு உண்டு. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் நெரிசலைக் கூட்டாமல் ஒதுங்கியிருங்கள்.

பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் இது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் இருந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் நினைவு இல்லங்களாக இருக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயம் என்றால் ரவையும் ரம்மும் சேர்த்துச் செய்யும் விவிக்கம் கேக்கைத் தேடிச் சாப்பிடுங்கள். ஞாயிறு என்றால் காந்தி வீதி முழுக்கச் சந்தைதான். வண்டியில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வேர் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1881-இல் வந்த அரசாணையின்படி, தங்கள் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தோசீனாவுக்கு (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அரசு வேலைக்குப் போனார்கள். 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் உண்டு. உங்கள் தாத்தா அவர்களில் ஒருவர் என்றால், நகராட்சியின் குடிமைப் பதிவுப் பிரிவில் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளைப் பற்றிக் கேளுங்கள். வேலை நாளில் காலையிலேயே போங்கள். பெயரைப் பிரெஞ்சு ஒலிப்புப்படி எழுதியிருப்பார்கள், அதனால் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டுகளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தோராயமான ஆண்டும், முடிந்தால் குடியிருந்த வீதியின் பெயரும் தெரிந்தால் தேடுவது எளிது.